பெயர் சொல்லாவிட்டால் மதுஷன்

அத்தியாயம் 6

துடுப்பின் அகன்ற பக்கம் இடது புருவத்தில் இறங்கியபோது நிலோஜன் ஒரு பகிடியின் நடுவில் இருந்தான்.

"ஒபிஸ் கதவு ஆவெண்டு திறந்திரிக்கு அக்கா. ஒண்டில் நளீர் காக்கா நம்மள எதிர்பார்த்திரிக்கார், ஒண்டில்..."

மிச்சம் வாயிலிருந்து வரவில்லை. சுவரோடு சரிந்தான். சூடான இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. உச்சி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவனுக்கு அந்த இருட்டில் தெரிந்தது ஒரு கறுப்பு ஹெல்மட் மட்டும்தான். அதற்குப் பின்னால், மேசைக்கும் அலுமாரிக்கும் இடையில், படகுச் சவாரி நிறுவனத்தின் முதலாளி நளீர் குப்புறக் கிடந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டி சிவந்து நனைந்திருந்தது.

துடுப்பு மறுபடி உயர்ந்தது. நிலோஜன் தாவி அந்தக் கையைப் பிடித்தான். வியர்வையில் பிடி வழுக்கியது. வேறு ஒன்றும் தோன்றாமல் மணிக்கட்டுக்கு மேலே வாயை வைத்துக் கடித்தான். பல் தோலைத் தாண்டி இறங்கியது. ஹெல்மட்டுக்குள் ஓர் அலறல் அமுங்கிக் கேட்டது. உடனே ஒரு முழங்கால் நிலோஜனின் வயிற்றில் ஏறியது. மூச்சு முழுவதும் வெளியே போய்விட்டது.

பின்னால் வந்த ஷாகிரா கத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரைக் கழற்றினாள். இரண்டு கையாலும் தூக்கி ஹெல்மட்காரனின் முதுகில் போட்டாள். அவன் முன்னால் தடுமாறி, பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு படகுத் துறைக்கு ஓடினான். கட்டியிருந்த படகொன்றின் கயிற்றை ஒரே இழுவையில் அவிழ்த்தான். இயந்திரம் முதல் இழுப்பிலேயே உறுமியது. அவள் துறைக்கு வந்து சேர்ந்தபோது படகு கல்லடிப் பாலத்தின் கீழ் நுழைந்து மறைந்துகொண்டிருந்தது.

ஷாகிரா முன்பு காப்புறுதி நிறுவனமொன்றுக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் ஆராய்ந்தவள். இப்போது காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். நிலோஜன் கொழும்பில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். வாய்த் துடுக்கினால் இரண்டு நிறுவனங்கள் அவனை வெளியே அனுப்பியிருந்தன. மூன்றாவதாக அவனைச் சேர்த்துக்கொண்டவள் அவள்தான்.

"உயிரோட இரிக்கியாடா?" என்று கேட்டுக்கொண்டே ஷாகிரா உள்ளே திரும்பி வந்தாள்.

"கடிச்சுப்போட்டன் அக்கா. வெள்ளிக்கிழமை விரதம். எல்லாம் போச்சு."

அவள் நளீரைப் புரட்டினாள். தலையின் பின்புறம் பிளந்திருந்தது. ஆனால் கண் திறந்தது.

"கொம்பியூட்டரை..." என்று முனகினார் நளீர். "தூக்கி வாவிக்குள்ள எறிஞ்சிட்டான் தங்கச்சி. எல்லாம் முடிஞ்சி."

ஷாகிரா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கணினிப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. அதில் ஒரு பச்சை வெளிச்சம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அவன் எறிஞ்சது திரையைக் காக்கா. பெட்டி இஞ்ச கிடக்கு."

"டிவியை உடைச்சா நாடகம் நிண்டிரும் எண்டு நினைக்கிற ஆள்" என்றான் நிலோஜன், சாரத்தின் நுனியால் புருவத்தை அமுக்கியபடி.

"ஓம். படகு நல்லாத் தெரியும், கொம்பியூட்டர் தெரியா. அதை மனசில வை."

அவர்கள் வந்த காரியம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. போன கிழமை, மீனவர் சங்கத் தலைவர் அழகரத்தினத்தைக் கண்டல் பற்றைக்குள் யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். கழுத்திலும் தோளிலும் கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. வாவியில் டைனமைட் வைத்து மீன் கொல்பவனைக் கையும் களவுமாகப் பிடிப்பேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். நளீரின் நான்காம் இலக்கப் படகின் அடிப்பலகையில் அவருடைய இரத்தம் ஒட்டியிருந்தது. அன்று விடியற்காலை அந்தப் படகை எடுத்தவன் யார் என்று பொலிஸார் கேட்டார்கள். நளீர் கணினியைத் திறந்து காட்டினார். படகோட்டி: மதுஷன்.

மதுஷனை மறியல் சிறையில் போட்டார்கள். அங்கே செத்தவரின் சொந்தக்காரன் ஒருவனும் இருந்தான். நேற்று அவனும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மதுஷனை மிதித்து விலா எலும்புகளை முறித்திருந்தார்கள். அடுத்த முறை எலும்போடு நிற்காது என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள்.

மதுஷனின் மனைவி அஜந்தா அதே ஒபிஸில் எழுதுவினைஞர். ஷாகிராவைத் தேடி வந்தவளும் அவள்தான். "அண்டைக்கு விடிய அவர் எனக்குப் பக்கத்தில படுத்திரிந்தவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்சாதி சொல்வதைப் பொலிஸார் காதில் வாங்கவில்லை. ஷாகிரா வாங்கினாள்.

இப்போது அவள் அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நளீரின் தலையைத் துவாயால் இறுக்கிக் கட்டினாள். நிலோஜன் பெட்டியை இழுத்து, சுவரில் முதலை வீடியோ ஓடிக்கொண்டிருந்த பெரிய டிவியில் சொருகினான். முதலை போய் எழுத்து வந்தது. தட்டச்சுப் பலகையில் அவனுடைய புருவத்திலிருந்து இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"எம்.வி.சி. முறையில புரோகிராம் செய்திரிக்கான். யார் எழுதின காக்கா?"

"ஒரு பொடியன். இப்ப கட்டார்ல."

"இந்தா பாருங்க அக்கா. இது 'பயணம்' எண்ட மொடல் கிளாஸ். படகு எடுக்கிற ஒவ்வொரு தரமும் இந்த அச்சிலதான் ஒரு பயணத்தை வார்க்கிற. இந்த வரியைப் பாருங்க. 'படகோட்டி = மதுஷன்'. நேரா எழுதி வச்சிட்டான்."

"அப்பிடியெண்டா?"

"தேத்தண்ணிக் கடையில போய் ஒண்டும் சொல்லாமக் குந்தினா என்ன வரும்?"

"பிளேன்டி, பால் இல்லாத தேத்தண்ணி."

"அதேதான். இஞ்ச பேர் ஒண்டும் சொல்லாட்டி மதுஷன் வருவான்."

நளீர் தரையிலிருந்து கையை உயர்த்தினார். "நான்தான் அப்பிடிப் போடச் சொன்ன. தொடங்கின காலத்தில மதுஷன் ஒராள்தான் படகோட்டி. ஒவ்வொருக்காவும் அவன்ட பேரை ஏன் தெரிவு செய்யிற எண்டு. இப்ப கனபேர் ஓடுறாங்க. அஜந்தாட தம்பி நிதுர்ஷனும் ஓடுறான். அந்த வரியை மாத்த மறந்துட்டம்."

"அப்ப கேஸ் முடிஞ்சி!" என்றான் நிலோஜன். "எவனோ பேர் போடாமப் படகை எடுத்திரிக்கான். மதுஷன் வெளியில, நான் ஆஸ்பத்திரியில."

"பேர் போடாம எடுத்துக் காட்டு பாப்பம்."

அவன் படகு எடுக்கும் பக்கத்தைத் திறந்தான். பெயரை விட்டுவிட்டு அமுக்கினான். சிவப்பு எழுத்தில் ஒரு வசனம் வந்தது: படகோட்டியைத் தெரிவுசெய்க. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் சிவப்பு.

"கடை பூட்டு" என்றான் சோர்வாக. "பேர் இல்லாம உள்ள விடுதில்ல."

ஷாகிரா அசையாமல் டிவியையே பார்த்தாள். "காக்கா, ஒரு பயணத்தைப் பதிஞ்ச பிறகு பிழை கண்டா என்ன செய்வீங்க?"

"திருத்தப் பக்கம் இரிக்கு. வந்த நேரம், எண்ணெய், அது ரெண்டையும்தான் மாத்தலாம்."

"நிலோ, காக்காட பேர்ல ஒரு படகை எடு. பிறகு திருத்தப் பக்கத்தில போய் எண்ணெயை மட்டும் மாத்து."

அவன் எடுத்தான். படகோட்டி: நளீர். திருத்தப் பக்கத்தில் எண்ணெய் அளவை மாற்றிச் சேவ் அமுக்கினான். திரும்பிப் போய்ப் பார்த்தான்.

படகோட்டி: மதுஷன்.

நிலோஜன் பொய்யாகக்கூடச் சிரிக்கவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, உள்ளே திருத்தப் பக்கத்தை இயக்கும் 'கொன்ட்ரோலர்' பகுதியைத் தேடி வாசித்தான்.

"இது பழைய பயணத்தைத் திருத்தல்ல அக்கா. சேவ் அமுக்கின உடனே புதுசா ஒண்டைப் பிறப்பிக்குது. பிறக்கேக்கயே மொடல் அதுக்கு மதுஷன் எண்டு பேர் வச்சிருது. பிறகு பக்கத்தில நாம அடிச்ச நேரத்தையும் எண்ணெயையும் அதில போடுது. பேருக்கு அந்தப் பக்கத்தில இடமே இல்ல. அதனால வச்ச பேர் வச்சபடி. அப்பிடியே பழசுக்கு மேல ஏறிக் குந்திருது."

"அப்ப மதுஷனை மாட்டிவிட எவரும் அவன்ட பேரை எழுதல்ல" என்றாள் ஷாகிரா மெதுவாக. "எவரோ நேரத்தை மாத்தியிரிக்காங்க. பேர் மாறினது அவங்களுக்கே தெரியா. காக்கா, திருத்தப் பக்கத்துக்கு யாரால போக ஏலும்?"

"என்னால. ஆனா நான் அண்டைக்குக் கொழும்பில, பின்னேரம்தான் வந்து சேர்ந்த." நளீர் கண்ணை மூடிக்கொண்டார். "மத்தது அஜந்தா."

வெளியே அம்புலன்ஸின் சத்தம் கேட்டது.

நளீரை ஏற்றி அனுப்பிவிட்டு இருவரும் ஓட்டோவில் ஏறினார்கள். நிலோஜன் ஒற்றைக் கண்ணால் ஓட்டினான். ஷாகிரா பொலிஸ் நிலையத்துக்குப் பேசி, அஜந்தாவின் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"அக்கா, நம்மளக் கூப்பிட்டதே அந்த மனிசிதானே. தன்ட வீட்டைத் தானே கொளுத்திப்போட்டு நெருப்பணைக்க ஆள் கூப்பிடுவாங்களா?"

"வீட்டுக்குள்ள வேற ஒராள் இரிந்தா கூப்பிடுவாங்க."

அஜந்தாவின் வீடு வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குசினியில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மறியலுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். நிலோஜனின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்ன தம்பி இது? யார் அடிச்ச?"

"இரிங்க அஜந்தா" என்றாள் ஷாகிரா. "நீங்க அண்டைக்கு நேரத்தை மட்டும்தானே மாத்தின?"

தேங்காய்ப் பாதி கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் பொய் சொல்ல முயன்றாள். "நான் ஒண்டும்..." என்று தொடங்கினாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பிதான் அந்தப் படகை எடுத்தவன். நிதுர்ஷன். சவம் கிடக்கு எண்டு கதை வந்த உடனே எனக்கிட்ட ஓடி வந்தான். 'நான் அந்தப் பக்கமே போகல்ல அக்கா, வீணாச் சந்தேகப்படுவாங்க, விடிய முதலே படகு வந்திட்டெண்டு மாத்து' எண்டான். சின்னனிலிருந்து நான் வளத்த பிள்ளை. மாத்தினன். களுதாவளைப் பிள்ளையார்மேல சத்தியமா நேரத்தை மட்டும்தான். பின்னேரம் பொலிஸ் வந்து இவரை இழுத்துக்கொண்டு போறாங்க. தம்பிட பேர் இரிந்த இடத்தில இவர்ட பேர். நளீர் முதலாளிதான் என்னமோ செய்துட்டார் எண்டு நினைச்சன்."

"பிறகு ஏன் எனக்கிட்ட வந்தீங்க?"

"அவர் வெளியில வரோணும். ஆனா தம்பிட பேரை என்ட வாயால சொல்ல ஏலாமப் போச்சு. நீங்களாக் கண்டுபிடிச்சா..." அவள் நிமிர்ந்தாள். "யார் மாத்தின? முதலாளியா?"

ஷாகிரா சுற்றி வளைக்கவில்லை. "பேர் குடுக்காத இடமெல்லாம் மதுஷன் எண்டு போடுற மாதிரித்தான் அதைச் செய்திரிக்கு. நீங்க திருத்திச் சேவ் அமுக்கேக்க உங்கட தம்பிட பேர் அழிஞ்சி, அந்தப் பேர் ஏறிட்டு."

"அப்ப..." அஜந்தா தன் விரல்களைப் பார்த்தாள். "நானா?"

அந்த நேரத்தில்தான் நிலோஜனின் கழுத்தை ஒரு கை பின்னாலிருந்து வளைத்தது. மணிக்கட்டுக்கு மேலே துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம் ஊறியிருந்தது. தொண்டையில் மீன் வெட்டும் கத்தி பதிந்தது.

"அக்கா, ஒண்டும் சொல்லாத!" என்று மூச்சிரைத்தான் நிதுர்ஷன். "கொம்பியூட்டர் வாவிக்குள்ள. இனி எவனாலயும் ஒண்டும் காட்ட ஏலா. நீ வாயைத் திறக்காட்டிச் சரி."

"முதலாளிட மண்டையை நீயா உடைச்ச?"

"உனக்காகத்தான். இவள் உனக்குப் போன்ல சொன்னதைக் கேட்டன், கொம்பியூட்டரைப் பாக்க வாறாளாம். நீ செய்தது வெளியில வந்திரும்."

"நான் என்னடா செய்தன்?"

"அத்தானைக் குடுத்த. எனக்காக." அவன் அழுதுகொண்டிருந்தான். கத்தி இன்னும் அழுந்தியது. நிலோஜனின் கழுத்தில் மெல்லிய கோடாக இரத்தம் கசிந்தது. "என்ட பேரை எடுத்துப்போட்டு அவர்ட பேரைப் போட்டியே. பொலிஸ் அவரை ஏத்தேக்க நீ என்னைப் பாத்தியே. அண்டைக்கு விளங்கிற்று எனக்கு. உலகத்தில எவளும் தம்பிக்கு இப்பிடிச் செய்யமாட்டாள்."

அஜந்தா அவனையே பார்த்தாள். அவளுடைய முகத்திலிருந்து நிறம் இறங்கிப்போவதை நிலோஜன் ஒற்றைக் கண்ணால் கண்டான்.

"நான் போடல்லடா" என்றாள். "எனக்குத் தெரியாமல் விழுந்தது. நான் அவரைக் குடுக்கல்ல. உனக்காகவும் குடுக்கமாட்டன்."

நிதுர்ஷன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"உன்னை ஒண்டு கேக்கிறன். அழகரத்தினம் மாமாவை வெட்டினது நீயா?"

"வெடி போட்டதைக் கண்டிட்டார். கால்ல விழுந்தன் அக்கா. தண்ணிக்குள்ள முழங்கால் போட்டுக் கும்பிட்டன். பொலிசுக்குத்தான் போவன் எண்டார்."

"எனக்கிட்ட அந்தப் பக்கமே போகல்ல எண்டு சொன்னியே."

"சொன்னன்."

"உன்னை நம்பி எழுதினனே."

ஏதோ ஒன்று அவனுக்குள் அறுந்தது. நிலோஜனைச் சுவரில் எறிந்துவிட்டுக் கத்தியோடு ஷாகிராமேல் பாய்ந்தான். "எல்லாம் இவளால!" ஷாகிரா பின்வாங்க அங்கே இடமில்லை, முதுகில் அடுப்புக்கட்டு. கத்தி இறங்கியது.

இறங்கிய கத்தியை நடுவில் பிடித்தது அஜந்தாவின் வெறுங்கை.

அவள் பிடியை விடவில்லை. அவன் இழுத்தான். அவள் இன்னும் இறுக்கினாள். விரல்களுக்கிடையில் இரத்தம் பீறிட்டு, திருவி வைத்திருந்த தேங்காய்ப் பூவில் விழுந்தது. "விடு அக்கா, கை போயிரும், விடு!" என்று அவன்தான் கத்தினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஷாகிரா திருவலையை அடியோடு தூக்கினாள். அதன் கட்டை நிதுர்ஷனின் காதோரத்தில் மோதியது. எலும்பின் சத்தம் கேட்டது. கால் மடிந்து விழுந்தவன்மேல் நிலோஜன் முழு உடம்போடும் ஏறி விழுந்தான்.

"அசைஞ்சாத் திரும்பவும் கடிப்பன்" என்றான்.

கீழே கிடந்தவன் அசையவில்லை. தமக்கையின் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பொலிஸ் ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பும்வரை அஜந்தா கத்தியைக் கீழே போடவில்லை.

பிறகு எல்லாம் நீதிமன்ற வேகத்தில்தான் நடந்தது. நிதுர்ஷன் வாக்குமூலம் கொடுத்தான். நளீருக்குத் தலையில் தையல் போட்டார்கள். நிலோஜன் டிவியில் செய்துகாட்டியதை நீதவானுக்கு முன்னாலும் ஒருமுறை செய்துகாட்டினான். பதிவை மாற்றிய குற்றத்துக்கு அஜந்தாமேல் தனி வழக்கு. அவள் பிணையில் நின்றாள். இரண்டு விரல்கள் இனி மடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

மதுஷன் வெளியே வந்த அன்று காலையில் வாவிக் காற்று பலமாக வீசியது. மறியல் வாசலுக்கு எதிரே ஷாகிராவின் ஓட்டோ நின்றது. அஜந்தா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டாள்:

"நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லட்டா?"

"நீங்கதான்" என்றாள் ஷாகிரா.

விலாவைக் கையால் தாங்கியபடி மதுஷன் வாசலைத் தாண்டி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. வீதியோரத்தில் நின்றபடியே, தம்பி ஓடிவந்ததிலிருந்து தான் சேவ் அமுக்கியதுவரை சொன்னாள். நிலோஜன் ஓட்டோவின் கண்ணாடியைச் சும்மா துடைத்துக்கொண்டு நின்றான்.

"நீ அமுக்கேக்க என்ட பேர் அதில தெரிஞ்சதா?" என்று கேட்டான் மதுஷன்.

"இல்ல. அந்தப் பக்கத்தில பேரே இல்ல."

"தெரிஞ்சிரிந்தா?"

"அமுக்கியிரிக்கமாட்டன்."

"சரி." அவன் மூச்சை இழுத்தான். வலியில் முகம் கோணியது. "அமுக்காம விட்டிரிந்தா நிதுர்ஷன்ட பேர் அப்பிடியே இரிந்திரிக்கும். அவன்ட பேரை விட்டிரிப்பியா?"

அஜந்தா வாயைத் திறந்தாள். காற்று அவளுடைய முந்தானையை முகத்தில் அடித்தது. அவள் அதை விலக்கவில்லை. மதுஷன் நின்று காத்திருந்தான். ஒரு பஸ் போனது. பின்னால் இன்னொன்றும் போனது.

அவன் கையை நீட்டி, அவளுடைய நல்ல கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டான். பிறகு ஓட்டோவில் ஏறியிருந்த நிலோஜனைத் தள்ளி இருக்கச் சொல்லி முன்னால் அவனோடு ஒட்டிக்கொண்டு ஏறினான். பின்னால், ஷாகிராவுக்குப் பக்கத்தில், அஜந்தா இருக்க இடம் விட்டிருந்தான்.